மரகதத்தின் அடிக்கோல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் மலாயாவில், ஜொகூர் பாருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, சிகாமட் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்தவர் தம் மகள் மரகதத்தோடு கடைக்கு வந்தார். அவளுக்குப் பதினான்கு வயது. இங்கே அத்தை வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் படித்தாள்.

சின்ன வயதில் தட்டம்மை வந்து அவள் பார்வை மங்கிவிட்டது. பிடி வைத்த பூதக்கண்ணாடி ஒன்று வைத்திருந்தாள். வகுப்பில் அதை எடுத்தாலே மற்றப் பெண்கள் சிரித்ததால் பெட்டியில் போட்டுவிட்டாள். அதன்பின், தோழி வாசிப்பதைக் கேட்டே பாடங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறாள். புதிதாக வந்த டீச்சர் தெரியாத பக்கம் ஒன்றை வாசிக்கச் சொன்னபோது அவளால் முடியவில்லை. தவணைப் பரீட்சையில் வாசிக்காவிட்டால் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாராம்.

"இருக்கிறதிலேயே பெரிய பவரா போடுங்க தம்பி" என்றார் அப்பா. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. அதைச் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார். மரகதம் எழவில்லை.

"அண்ணே, எழுத்து எனக்குத் தெரியணும். எதால பாக்கிறேன்னு மத்தவங்களுக்குத் தெரியக் கூடாது. அப்படி ஒண்ணு செய்வீங்களா?"

எத்தனையோ பேர் கடைக்கு வந்திருக்கிறார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னவள் இவள்தான்.

காகிதம் பறக்காமல் வைக்கும் குண்டுக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தேன். எழுத்து பெரிதாயிற்று, ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நகர்த்த வேண்டியிருந்தது. "அடிக்கோல் மாதிரி நீட்டமா இருந்தா ஒரு வரி முழுசும் தெரியுமே" என்றாள். அடிப்பக்கம் தட்டையாக, மேல்பக்கம் அரைவட்டமாகத் தீட்டினால் முடியும். எழுத்து உயரமாகும், அகலமாகாது என்று எச்சரித்தேன். அது போதும் என்றாள்.

வேறு யாருக்கும் விற்க முடியாத பொருள் என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே முணுமுணுத்தார். ஆனால் தடித்த கண்ணாடித் துண்டை அவரே தேடிக் கொடுத்தார். முதல் துண்டு தீட்டும்போதே பிளந்தது. அடுத்தது தேறியது. பார்க்கிறவர்களுக்கு வெறும் அடிக்கோலாகத் தெரியும்படி ஓர் ஓரத்தில் கறுப்புச் சாயம் பூசி, அங்குலக் கோடுகளும் போட்டேன்.

அப்பாவோடு வாங்க வந்த மரகதம் அதைக் கடையிலிருந்த செய்தித்தாளில் வைத்து வாசித்தாள். அரிசி விலை பற்றிய செய்திதான். அப்பா அதைப் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றார்.

பரீட்சையில் மெதுவாக, பிழையில்லாமல் வாசித்தாள். வரி தவறாமலிருக்க அடிக்கோல் வைக்கிறாள் என்றே டீச்சர் நினைத்தாராம்.

சில மாதம் கழித்துத் தனியாக வந்தாள். பக்கத்துப் பெண் கோடு போட அதை இரவல் வாங்கியபோது குட்டு வெளிப்பட்டுவிட்டதாம்.

"சிரிச்சாங்களா?" என்றேன்.

"சிரிக்கலண்ணே. ஒவ்வொருத்தியா வாங்கிப் பாத்தாங்க. எனக்குக் கண்ணு எப்படின்னு நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன்." பிறகு அதை மேசையில் வைத்தாள். "இந்தக் கறுப்பைச் சுரண்டிடுங்க. வெளிச்சத்தை மறைக்குது."

அங்கேயே சுரண்டிக் கொடுத்தேன். அவள் படிப்பை முடித்து, கோத்தா திங்கியில் ஆசிரியையாக வேலைக்குப் போனாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். வருகிறவரின் கண்ணை மட்டும் சோதிக்காதீர்கள். எங்கே, யார் நடுவில் உட்கார்ந்து படிக்கப் போகிறார் என்றும் கேளுங்கள்.