பாஞ்சாலையின் காதும் ஐந்து வால்வுகளும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பாஞ்சாலை பார்த்தது கைவேலை என்று பேர். உண்மையில் அது காது வேலை. சூளையிலிருந்து இறங்கிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். 'கிணிங்' என்றால் நல்ல சரக்கு. 'தொப்' என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல், கழித்துப் போட்டுவிடுவாள். பதினோரு வருஷமாக இதே தட்டல். சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்தால், அவள் கழித்த கட்டை ஒன்றை உடைத்துப் பார்ப்பார். கீறல் இருக்கும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவார்.

வேலையில் பேர் வாங்கிக் கொடுத்த அந்தக் காது, வீட்டில் அவளைப் பெரிய சங்கடத்தில் மாட்டிவிட்டிருந்தது. புருஷன் தனக்கோடி அதே கம்பெனியில் சூளை அடுக்குகிறவன். கல்யாண முகூர்த்த நாட்களில் உள்ளூர் ஜெயராஜ் நடத்தின ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பான். கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வாடகை மைக் செட்டில் ஒயரைச் சொருகுவார்கள், பந்தல் காலில் கட்டின குழாய் ஸ்பீக்கர் வழியாக அது தகரத்தைப் பிறாண்டின மாதிரி வரும். திட்டக்குடி, வேப்பூர் என்று எத்தனையோ பந்தல்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அவள் காதுக்கு எல்லாமே 'தொப்'தான்.

கச்சேரி முடிந்து வரும்போது, "எப்டி இருந்துச்சு?" என்று கேட்பான். "எனக்கு என்னாங்க தெரியும்" என்பாள். கம்பெனியே நம்புகிற காதுக்காரி இப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கா தெரியாது? தெரியும். தெரிந்தும் அடுத்த முறை கேட்பான், மானங்கெட்டவன்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஜங்ஷன் பக்கம் குடியிருந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர் தர்மராஜ், மகளோடு இருக்க சென்னைக்குக் கிளம்பினார். அவரிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. கிட்டாருக்கென்றே செய்த வெளிநாட்டுப் பெட்டி, விற்கப்போகிறாராம். கேள்விப்பட்ட நாளிலிருந்து தனக்கோடிக்குச் சோறு இறங்கவில்லை.

"நீயும் வா. தட்டிக் கொட்டிப் பாத்துச் சொல்லு. அந்தப் பொட்டியில வாசிச்சும் உனக்குப் புடிக்கலன்னா, கிட்டாரயே வித்துடறேன். நெசமாத்தான் சொல்றேன்" என்றான்.

பாஞ்சாலைக்குப் பொய் சொல்ல வராது. மெய் சொன்னால் அவன் ஆசை அன்றோடு சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டாரை அணைத்தபடி சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போகும்போது, கடவுளே அந்தப் பெட்டி ஏற்கெனவே விலைபோயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

விலைபோகவில்லை. தர்மராஜ் அதைத் துடைத்து முன்னறையில் தயாராக வைத்திருந்தார். தனக்கோடி முதலில் பின்பக்கம் குனிந்து மோந்து பார்த்தான், கருகின வாடை இல்லை. டார்ச் அடித்து ஸ்பீக்கர் காகிதத்தில் கிழிசல் தேடினான், இல்லை. குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகினான். ஒன்று மட்டும் இறுகிக் கரகரவென்று திரும்பியது.

"அது தூசிம்மா, தொடச்சா போயிடும்" என்று பாஞ்சாலையைப் பார்த்துச் சொன்னார் தர்மராஜ். யார் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று மனுஷருக்குப் புரிந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை. "செத்த பொறுங்க, சூடேறணும்" என்றார். பின்னால் இருந்த, வால்வு என்கிற ஐந்து கண்ணாடிக் குழல்களின் அடியில் செக்கச்செவேல் என்று ஏதோ விழித்தது. சூளையின் பார்வைத் துளை வழியாக நெருப்பைப் பார்த்துப் பழகினவள்தான். ஆனாலும் கைப்பிடிக்குள் அடங்குகிற நெருப்பை இப்போதுதான் பார்க்கிறாள். வாயைத் திறந்தபடி நின்றாள்.

தனக்கோடி கிட்டார் ஒயரைச் சொருகி வாசித்தான். ஒவ்வொரு சுரத்தின் கடைசியிலும் ஓர் ஊளை ஒட்டிக்கொண்டு வந்தது. 'இங்கேயும் அதே கதைதான்' என்று அவளுக்கு மனசு உட்கார்ந்து போயிற்று.

"நான் தட்டிப் பாக்கலாமா சார்?"

"பாரும்மா. கையால தொட்டா சுட்டுடும், இந்தா" என்று ஒரு பென்சிலைக் கொடுத்தார்.

முதல் குழலை மெல்லத் தட்டினாள். 'கிணிங்ங்ங்' என்று ஸ்பீக்கர் வழியாக அறையே அதிர்ந்தது. துள்ளிப் பின்வாங்கினாள். நகக்கண் அளவு தட்டலைக் கோயில் மணியாக்கிக் கொடுக்கிறதே இந்தப் பெட்டி! மற்ற நாலையும் தட்டினாள். தொப், தொப், தொப், தொப்.

"மொத ஒண்ணுதாங்க நல்லாருக்குது. மிச்சம் நாலும் கீறல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தனக்கோடி முகம் சுண்டிப்போய், கிட்டார் ஒயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தான்.

தர்மராஜ் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "இரு தம்பி. உம் பொண்டாட்டி தெய்வக் காதுக்காரிதான், ஆனா தீர்ப்பத் தலைகீழா எழுதிட்டாங்க. வால்வுல சத்தம் போடறதுதாம்மா கெட்டது. உள்ள இருக்கற தகடு ஆட்டம் கண்டுபோச்சு. ஸ்பீக்கர் அதிர்றப்பல்லாம் அதுவும் கூட சேந்து ஊளையிடும். சும்மா கெடக்குது பாருங்க, அந்த நாலும்தான் நல்லது. எனக்குக் காது மந்தமாயிடுச்சு. நீங்க தட்டலன்னா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன்."

விற்கிறவன் இப்படித்தான் சொல்வான் என்று பாஞ்சாலை நினைத்தாள். முகத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு தணியும்வரை காத்திருந்தார். பிறகு கைக்குட்டையால் முதல் வால்வைப் பிடித்து மெல்ல ஆட்டி உருவினார். பழந்துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை அந்த இடத்தில் பொருத்தினார். மறுபடி சிவப்பு விழித்தது. பாஞ்சாலையே தட்டிப் பார்த்தாள். தொப்.

"இப்ப வாசி தம்பி."

தனக்கோடிக்கு வாசிக்க மனசே இல்லை. பேருக்கு ஒரு தந்தியை மீட்டினான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பாஞ்சாலை அப்படி ஒன்றை அதற்குமுன் கேட்டதில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவன் விரல் சறுக்கிப் போகிற வழியெல்லாம் கேட்டது. தயங்கின இடம், அழுத்தின இடம், வேண்டுமென்றே விட்டுவைத்த இடம், ஒன்றுவிடாமல் கேட்டது. நாள் முழுக்க சூளையில் கட்டை அடுக்கிக் காய்த்துப்போன அந்த விரல்களுக்கா இத்தனை பதம்? அவன் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி வாசித்தான். கல்யாணமான எட்டு வருஷமாகத் தன்னோடு இருந்த மனுஷன் இவன்தானா என்று அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. கீறல் குழாயில் இருந்திருக்கிறது, மைக் செட்டில் இருந்திருக்கிறது. இவனிடத்தில் ஒரு மயிரிழைகூட இல்லை. தெரியாமல் போயிற்றே என்று கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது.

அதைப் பார்த்துத் தனக்கோடி சட்டென்று நிறுத்திவிட்டான். "என்னா பாஞ்சால? இதுவும் புடிக்கலயா? பரவால்ல உடு, கிட்டார வித்துடலாம்."

அவள் இல்லையென்று தலையாட்டினாள். "இது எந்தப் பாட்டுங்க? புதுசா கத்துக்கினீங்களா?"

அவன் அவளை விளங்காமல் பார்த்தான்.

"புதுசு ஏது? நம்ம கல்யாணத்தன்னிக்கு வாசிச்சதே இதுதானே. எப்பவும் இப்டித்தான் வாசிக்கிறேன்."