ராணிக்கேத்தில் இரண்டு அறைகள்

போன சனிக்கிழமை மகள் காரின் கூரையில் ஒரு பைன் மரத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினாள். நாங்கள் வேதக்காரர் இல்லை, சைவர்கள். ஆனாலும் நியூசிலாந்தில் நாங்கள் இருக்கிற பிளாட் புஷ்ஷில் எங்கள் தெருவில் நத்தாருக்கு, கிறிஸ்மசுக்கு, மரம் வைக்காத வீடு கிடையாது, பிள்ளையார் படம் மாட்டிய வீட்டிலும் வைப்பார்கள். அவளும் அவள் அப்பாவுமாக அதை வரவேற்பறைக்குள் இழுத்தார்கள். ஈரப் பிசினும் பச்சை மரமும் கலந்த அந்த மணம் வீடு முழுக்க ஏறியது. நான் துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துவைத்த உடுப்பையே இன்னொருமுறை மெசினுக்குள் போட்டேன்.

"அம்மா, யூ ஓகே?" என்று கதவுக்கு வெளியே கேட்டாள்.

"ஓம், ஓம். மணம் கொஞ்சம் கூடிப்போச்சு."

"இட்ஸ் ஜஸ்ட் பைன், அம்மா."

அவளுக்கு அது வெறும் பைன்தான். எனக்கு அது ராணிக்கேத். இமயமலையில் ஒரு சின்ன ஊர், சத்தம் சந்தடி இல்லாத ஊர். நான் அங்கே ஒரு வார இறுதி இருந்திருக்கிறேன். இளைப்பாறப் போகிறேன் என்றுதான் அப்போது வேலை செய்த கடையில் லீவு கேட்டேன். வாழ்க்கையில் அந்த இரண்டு நாளைப்போல நான் பதறித் திரிந்த நாள் வேறில்லை.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன. எனக்கு இப்போதிருக்கிற கணவருக்கு முன்னால், சட்டப்படி இன்னொரு கணவர் இருந்தார். பெயர் ரகு. சட்டப்படி என்ற சொல்லைக் கவனியுங்கள், முழுக்கதையும் அதற்குள்தான் கிடக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரகுவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து சென்னையில் வாடகை வீட்டில் இருந்தது. எனக்கு நியூசிலாந்து விசா கிடைத்திருந்தது. பெரியவர்கள் பேசி, பொருத்தம் பார்த்து, நாள் வைத்தார்கள். கொழும்பிலிருந்து கூறைச் சேலையோடு நான் சென்னையில் வந்திறங்கினேன். நாளுக்கு முதல் வாரம் ரகுவின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் ஆட்களிடையே சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் இல்லை. ஆட்டைத் திவசம் முடியும்வரை தாலி என்ற பேச்சையே எடுக்க முடியாது. என் விசா அதுவரை காத்திருக்காது. ஆகவே எழுத்தை மட்டும் முடிப்பது என்றார்கள். எழுத்து என்றால் பதிவுத் திருமணம். எங்களுக்கு அது கலியாணம் அல்ல, கலியாணத்துக்கு முன்னால் வருகிற ஒரு கந்தோர் வேலை, ஆபீஸ் காகிதம். மாலை இல்லை, பொட்டுக் கூட அளவாகத்தான். கையெழுத்து வைத்துவிட்டு ஆளுக்கொரு ஃபாண்டா குடித்தோம். அவர் அக்காவோடு ஒரு ஆட்டோவில் போனார், நான் மாமாவோடு இன்னொரு ஆட்டோவில் போனேன். அந்த வாரமே விமானம் ஏறிவிட்டேன்.

நியூசிலாந்தில் மனுரேவா என்ற இடத்தில் இரண்டு தமிழ்ப் பெண்களோடு ஒரு வீட்டில் இருந்தேன். படித்தது விலங்கியல், கிடைத்த வேலை படம் கழுவுகிற கடையில். இப்போதைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. அந்தக் காலத்தில் கமராவுக்குள் சுருள் இருக்கும், அதைக் கடையில் கொடுத்துவிட்டு, வந்து படமாக வாங்கிக்கொண்டு போவார்கள். மருந்துத் தண்ணீரின் புளித்த மணம் என் தலைமயிரில் எப்போதும் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்கள் மெதுவாக எழும்பிப் போவார்கள். மெசினின் வாயிலிருந்து ஊராரின் சந்தோசமெல்லாம் ஈரமாக வழுக்கி வந்து விழும். கடற்கரை, பனிமலை, கூடாரம், கன்னத்தோடு கன்னம் ஒட்டிய சோடிகள். புருசன் பெண்சாதி என்றால் இந்த நாட்டில் எப்படி நிற்பார்கள் என்று நான் படித்தது அந்த மெசினிடம்தான்.

ரகுவை டெல்லியிலிருந்த நியூசிலாந்து விசாக் கந்தோருக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். முடிந்த கையோடு போன் எடுத்துக் கதைத்தார்.

"கலியாணம் முடிஞ்சுதோ எண்டு அந்த அதிகாரி கேட்டார். இன்னும் இல்லை, எழுத்து மட்டும்தான் எண்டு சொன்னனான்."

"ஐயோ, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பின்னை? தாலி கட்டாமல் கட்டிப்போட்டன் எண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

எனக்குச் சண்டை பிடிக்க வாய் வரவில்லை. ஏனென்றால் என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் ஒரே ஊர்த் தண்ணீர் குடித்தவர்கள்தானே. விசா மறுக்கப்பட்டது. மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் நீங்கள் உண்மையான தம்பதி என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அதற்கிடையில் அவர் இந்தியாவில் தங்குவதற்கான அனுமதியும் முடியப்போகிறது. முடிந்தால் கொழும்புக்குத் திரும்பவேண்டும். அந்த யுத்த வருடங்களில் ஒரு தமிழ் இளந்தாரி கொழும்புக்குத் திரும்பினால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் இரவில் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குவதாகக் கூட இருந்த பெண்கள் சொன்னார்கள்.

கடையில் எனக்கு மேலே நோரீன் என்று ஒருத்தி இருந்தாள். இந்த ஊர்க்காரி, பெரிய உடம்பு, பெரிய மனது. அவளிடம் அழுதேன். அவள் அதை ஒரு சில்லறைப் பிரச்சினைபோலப் பார்த்தாள். "அவரைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது அமைதியான இடத்துக்கு ஒரு வீக்கெண்ட் போ. நல்லாக இளைப்பாறு. நிறையப் படம் எடு," என்று இரண்டு சுருளைக் கையில் திணித்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல இருந்தது எனக்கு. படம்தானே அத்தாட்சி, படம் என் தொழில் அல்லவா.

டெல்லியில் இறங்கி, அங்கிருந்து மலைக்குப் போகிற ரயிலடிக்குப் போனேன். மேடையில் ரகு நின்றார். பக்கத்தில் அவருடைய அக்கா, கையில் பிளாஸ்கும் கம்பளியும் ஒரு பை நிறைய முறுக்குமாக.

"தாலி ஏறாமல் ஒரு குமர்ப்பிள்ளையை இவனோட தனிய விடலாமோ? நாளைக்கு உம்மட அம்மா என்னைத்தானே கேப்பா," என்றார். பிறகு என் கன்னத்தைத் தடவி, "மெலிஞ்சு போனீர்," என்றார். அந்தக் கையை எப்படித் தட்டிவிடுவது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். என் பூசாரி எனக்கு முறுக்கும் தந்தார்.

ராணிக்கேத் முழுக்கப் பைன் மரம். மழைக்காலம் இன்னும் முடியவில்லை. நந்தாதேவிச் சிகரம் இந்தப் பக்கம் தெரியும் என்று விடுதி மனேஜர் கையைக் காட்டினார், காட்டிய கையே மூடுபனிக்குள் பாதி மறைந்தது. வெள்ளைக்காரன் காலத்து வீடு, சிவப்புத் தகரக் கூரை, விறாந்தையில் பிரம்புக் கதிரைகள். எத்தனை அறை என்று கேட்டார். நானும் ரகுவும் தரையைப் பார்த்தோம். "ரெண்டு," என்று அக்கா விரலைக் காட்டினார். "நானும் பிள்ளையும் இதில. நீ அங்கால போ."

படம் எடுக்கிற வேலையை அக்காவே ஏற்றுக்கொண்டார். நான் ரகுவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தோளில் கையைப் போடுங்கள், இன்னும் கிட்ட வாருங்கள், சிரியுங்கள், பல்லைக் காட்டாதீர்கள். அவர் கையைத் தூக்குவார், அக்காவைப் பார்ப்பார், கை இறங்கிவிடும். கெஞ்சாத குறையாக நான் அந்தக் கையைப் பிடித்துத் தோளில் வைத்தேன். இந்தா, நல்லா நில்லுங்கோ, எடுக்கிறன் என்று அக்கா சொல்வார், கிளிக் என்று கேட்கும். சுருள் முடியும்வரை அப்படி. மனம் வெறுத்துப்போனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. இரண்டு சுருளில் ஒரு படமாவது நன்றாக விழாமல் போகுமா?

இரண்டாம் நாள் காலை அக்கா குளிக்கப் போனார். வெந்நீர் வாளி வந்து, குளித்து, தேவாரம் பாடி முடிய நேரம் செல்லும். நாங்கள் ரோட்டு வளைவுவரை நடந்தோம். பைன் ஊசிகள் மெத்தைபோலக் கிடந்தன, எங்கள் காலடிகூடக் கேட்கவில்லை.

"உமக்குக் குளிருதோ?" என்றார்.

"இல்லை," என்றேன். பல் கிட்டியது.

அவர் கழுத்திலிருந்த மப்ளரைக் கழற்றி என் கழுத்தைச் சுற்றி முன்னால் ஒரு முடிச்சுப் போட்டார். போட்டபிறகுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு சிரித்தார்.

"ஒரு முடிச்சுத்தான். மிச்சம் ரெண்டும் ஆட்டைத் திவசம் முடிய."

நானும் சிரித்தேன். அப்போது அவர் என் நெற்றியில் தன் நெற்றியை வைத்தார். அவ்வளவுதான். கமரா அறையில் இருந்தது.

மப்ளர் அக்காவுடையது. டெல்லி விமான நிலையத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சுருள்களை நானே கழுவினேன். நோரீன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. தகரக் கூரை. பைன் மரத்தின் நடுப்பகுதி. வெள்ளை மூடுபனி. ரகுவின் ஒரு முழங்கை. ஒரு குரங்கு, அது மட்டும் மிகத் தெளிவாக. எனக்குப் பிறகுதான் விளங்கியது. நாங்கள் ஒட்டி நின்றபோதெல்லாம், தம்பியும் ஒரு பெண்ணும் அப்படி நிற்பதைப் பார்க்க வெட்கப்பட்டு, அக்கா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு பொத்தானை அமத்தியிருக்கிறார். முகம் போன பக்கம் கமராவும் போயிருக்கிறது.

உருப்படியாக விழுந்தது ஒன்றே ஒன்று. மனேஜர் எடுத்தது. பிரம்புக் கதிரையில் அக்கா நந்திமாதிரி நடுவில். இந்தப் பக்கம் ரகு, அந்தப் பக்கம் நான்.

நோரீன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "லவ்லி," என்றாள். பிறகு, குறும்பாக இல்லை, உண்மையாகவே கேட்டாள்: "விச் ஒன் இஸ் த வைஃப்?"

நான் மெசினை நிறுத்தாமலே கழிப்பறைக்கு ஓடினேன்.

வேறு வழி? அந்தப் படத்தை அனுப்பினேன். ரகு தன் பங்குக்கு விடுதிப் பில்லையும் சேர்த்துக் கொடுத்திருந்தார், நாங்கள் ஒன்றாகப் போனதற்கு அத்தாட்சியாக. பில்லில் இரண்டு அறைகள் பளிச்சென்று இருந்தன. ஒழுக்கமாக நடந்துகொண்டோம் என்று பெருமைப்படவேண்டிய இடத்தில் நாங்கள் தோற்றுப்போனோம். இரண்டாவது மறுப்பும் வந்தது.

கொழும்புக்குப் போகாமல் இருக்க ஒரு வழிதான் மிச்சம். அக்காவின் கணவர் கனடாவில் இருந்தார். ஏஜென்ட் பிடித்து ரகுவை அங்கே எடுத்தார்கள். பின்னால் அக்காவும் போனார். அகதி வழக்கு முடியும்வரை ரகு அந்த நாட்டைவிட்டு வெளிக்கிட முடியாது. நான் போகலாமென்றால் எனக்கு விசா கொடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் அதற்கிடையில் ஆட்டைத் திவசம் முடிந்துவிட்டது. இப்போது தாலி கட்டலாம், ஒரு தடையும் இல்லை. கட்டுகிற கையும் கழுத்தும்தான் உலகத்தின் இரண்டு மூலையில் கிடந்தன.

டெய்ரி என்கிற தெருமுனைக் கடைக்கு முன்னாலிருந்த போன் கூண்டுக்குள் நின்று அவரோடு கதைத்த ஞாயிற்றுக்கிழமைகள். பிறகு அவை மாதத்துக்கொருமுறை ஆயின. பிறகு வழக்கு இழுபட இழுபடக் கதைக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. "எழுத்துத்தானே பிள்ளை, வெட்டிவிட்டால் போச்சு," என்றார் அம்மா. வெட்டினோம். ஊர் என்னைக் கட்டி விட்டவள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கட்டவேயில்லையே. இப்போதிருக்கிற இவரோடு நடந்ததுதான் என் முதல் கலியாணம் என்று எல்லோருக்கும் கணக்கு. இவருக்கு எல்லாம் தெரியும், ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை, நல்ல மனிதர். ரகுவும் அங்கே தாலி கட்டி, பிள்ளை குட்டியோடு இருந்தார் என்று கேள்வி.

படம் கழுவின கடை இப்போது வேப் என்கிற மின்சிகரெட் விற்கிற கடை. போன் கூண்டைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த ஒற்றைப் படம் விசாக் கந்தோரின் கோப்போடு போனது, நெகட்டிவ் வீடு மாறியதில் தொலைந்தது. நோரீன் எங்கேயோ தெரியாது.

போன மாதம் ஒரு புதன்கிழமை, நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது டொரொண்டோவிலிருந்து ஒரு அழைப்பு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் குரல் தெரிந்தது, ரகுவின் அக்கா.

"ரகு போயிட்டான், பிள்ளை."

தொட்டிக்குள் கழுவிய மீன் கிடந்தது, சாவுத் துடக்கு உள்ள வீட்டில் சமைக்கக்கூடாத மீன். தண்ணீர்க் குழாயை மூடினேன். அக்கா அழுதார், நானும் அழுதேன். அழுது ஓய்ந்தபிறகு என் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அக்கா, நான் முழுகவேணுமோ?"

அக்கா மூக்கைச் சிந்தினார். பிறகு என் கன்னத்தைத் தடவுகிற அதே குரலில், மிக அன்பாகச் சொன்னார்.

"உமக்குத் துடக்கு இல்லை, பிள்ளை. தாலி ஏறேல்லைத்தானே. நீர் உம்மட வேலையைப் பாரும்."

மகள் வேலையால் வருகிற நேரம் ஆகிவிட்டது. நான் அடுப்பைப் பற்றவைத்து மீன் குழம்பை வைத்தேன். மேசையில் மூன்று பேரும் இருந்தோம். கழுத்தில் தாலிக்கொடி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் குழம்பு இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார், விட்டேன். நானும் சாப்பிட்டேன்.