ஒரு கைக்குச் செய்த கத்தி

லாயாங் லாயாங் என்ற சின்ன மலாய் ஊர் ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காக எங்கள் ரயில் நிற்கிறது. பிளாட்பாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண், இடுப்பில் அழும் குழந்தையோடு கொய்யாப்பழத்தைப் பிளக்கப் பார்க்கிறாள். கீழே இறங்கி, சிங்கப்பூரில் வாங்கிய என் ஸ்பிரிங் கத்தியை நீட்டுகிறேன்.

"விசையை அழுத்தும்மா, ஒரு கையே போதும்."

அலகு படக்கென்று பாய்கிறது. பழத்தைப் பெஞ்சில் வைத்து நறுக்கிவிட்டுக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"மடக்க ரெண்டு கை கேக்குதே அண்ணே. பிள்ளைய புடிங்க."

உண்மைதான். இதைச் செய்தவன் திறக்கிற அவசரத்தை மட்டுமே யோசித்திருக்கிறான். குழந்தையை வாங்கிக்கொள்கிறேன்.

எதிர் வண்டி கடந்துபோகிறது. எங்கள் கார்டு விசில் ஊதுகிறார். கத்தி மடங்கிவிட்டது. என் சட்டையைப் பிடித்த குழந்தையின் கைதான் விரிய மறுக்கிறது. இதற்கு விசை எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை.