மூன்றாம் இடத்து மண்

"மண்ணுக்குள்ள கரி இருக்குதுங்கறீங்க. அப்பறம் ஏனுங்க அது கையில ஒட்டமாட்டீங்குது?"

வெள்ளகோவில் பக்கம் தம் கொறங்காட்டில் நின்றுகொண்டு செல்லமுத்து அண்ணன் கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவர் மண்ணியல் விஞ்ஞானி டாக்டர் ரங்கநாயகி. தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். ரங்கநாயகி தம் கையில் இருந்த டீத் தம்ளரை நீட்டினார். "இதுல சக்கரை இருக்குதுங்க. எடுத்துக் காட்டுங்க பாக்கலாம்" என்றார். செல்லமுத்து அண்ணன் தம்ளரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "செரி, தோண்டுங்க" என்று சொல்லி நகர்ந்துகொண்டார். பல வருடம் அறிவியல் நடத்தியவள் நான். அவ்வளவு கைக்கடக்கமான உதாரணம் எனக்குத் தோன்றியதில்லை. ஓய்வு பெறும்வரை அதை வகுப்பில் சொல்லிவந்தேன்.

ரங்கநாயகி இப்போது இல்லை. எங்கள் பள்ளி மைதானத்து மழைமானியில் அளந்ததை மாதம் ஒருமுறை அவருக்குத் தபால் கார்டில் அனுப்புவேன். ஓய்வுக்குப் பின்னும் அதை விடவில்லை. போன மாதக் கார்டுக்கு அவருடைய உதவியாளர் பதில் எழுதியிருந்தார். அம்மா சென்ற வெள்ளிக்கிழமை மாரடைப்பில் காலமானார். மழைக் கணக்கை இனி யாரிடம் சேர்ப்பது என்று கேட்டுச் சொல்கிறேன். அதுவரை அனுப்புவதை நிறுத்த வேண்டாம். அவ்வளவுதான் கடிதம். ரங்கநாயகியே எழுதியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகத்தான் எழுதியிருப்பார்.

அவரை ஆய்வுக்கூடத்தில் மட்டும் அறிந்தவர்களுக்காக, எங்கள் ஊரில் அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொறங்காடு என்பது உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். அந்த மண்ணில் எவ்வளவு கரி, அதாவது கார்பன், தங்குகிறது, வெயில் கூடக்கூட அதில் எவ்வளவு காற்றோடு போய்விடும் என்பதுதான் அவருடைய கேள்வி. தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சருகும் வேரும் சாணமும் மேலிருந்து ஊற்றும் குழாய். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று கரியமில வாயுவாக விடும் மூச்சு, அடியில் உள்ள ஓட்டை. சூடு ஏறினால் ஓட்டை பெரிதாகும். தொட்டி ஐம்பது வருடம் கழித்து எந்த மட்டத்தில் நிற்கும் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. அது குளிர்நாட்டு மண்ணை வைத்து உருவான கணக்கு. நம் கொறங்காட்டுக்கு அது பொருந்தாது, நம் மண் அது சொல்வதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்று ரங்கநாயகி நம்பினார். நம்பிக்கை போதாது, அளந்து காட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

செல்லமுத்து அண்ணனின் காட்டில் மூன்று இடம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் சுண்ணாம்பு பூசிய கல் நட்டார். வருடா வருடம் சித்திரையில் கோவையிலிருந்து கரூர் பஸ் ஏறி வருவார். இரும்புக் குழாயைத் தரையில் இறக்கி, சாண் சாணாக மண் எடுத்து, துணிப்பையில் போட்டுக் கட்டிச் சீட்டு எழுதுவார். அண்ணனின் மனைவி பாவாயக்கா ஒவ்வொரு வருடமும் அதே கேலியைச் சொல்வார்: "எங்கூட்டு மண்ணையே தூக்கிட்டுப் போறீங்க. கோயமுத்தூர்ல மண்ணே இல்லியாட்ட இருக்குது." ரங்கநாயகியும் ஒவ்வொரு வருடமும் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பார். கிளம்புமுன் நோட்டைத் திறந்து அண்ணனிடம் கேட்பார்: உழுதீங்களா, வண்டியில எரு ஓட்டுனீங்களா, தீ வெச்சீங்களா. மூன்றுக்கும் இல்லை என்று பதில் வரும். குறித்துக்கொள்வார்.

வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதிர்பார்த்ததற்கு மாறான எண் வந்தால் கலங்க மாட்டார். எதிர்பார்த்ததே வந்துவிட்டால்தான் சந்தேகம் வரும். "புடிச்ச பதில் வந்துச்சுன்னா இன்னொருக்கா அளக்கோணுங்க டீச்சர்" என்பார். என் விடைத்தாள் திருத்தும் புத்தியை மாற்றிய வாக்கியம் அது. நல்ல மாணவரின் தாளை நான் அதுவரை வேகமாகத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

முதல் வருட முடிவைச் சொல்ல வந்தபோது, மூன்றாம் இடத்து மண்தான் இருப்பதிலேயே மெலிந்தது என்று அண்ணனிடம் சாதாரணமாகச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். அடுத்த வருடத்திலிருந்து மூன்றாம் இடம் ஏறத் தொடங்கியது. மற்ற இரண்டும் கணினி சொன்ன வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. மூன்றாவது மட்டும் நான்கு வருடம் விடாமல் ஏறியது. மெலிந்த மண்ணே இப்படித் தேறுகிறது என்றால் அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்று ஒரு கட்டுரை எழுதினார். திட்டத்தை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய ஒரு குழு வரவிருந்தது. அவர்கள் முன் வைப்பதற்கு அவரிடம் இருந்தது அந்த மூன்றாம் இடம்தான்.

அந்த வருடம் பங்குனியில் ஒரு பகல் வேளையில் அந்தக் காட்டு வழியாக வந்தேன். மூன்றாம் இடத்துக் கற்களை ஒட்டி மூங்கில் படல்கள் சதுரமாக நின்றன. எங்கள் பக்கம் செம்மறிகளை ராத்திரியில் படலுக்குள் அடைத்துப் பட்டி போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ஆனால் பட்டி போடுவது விதைக்கும் காட்டில். மேய்ச்சல் காட்டில், அதுவும் நான்கு வெள்ளைக் கல்லுக்குள் அளவெடுத்ததுபோல, யாரும் போட மாட்டார்கள். அண்ணனிடம் கேட்டேன். நான்கு வருடமாகப் போடுவதாக, மறைக்காமல் சொன்னார்.

"அம்மா அத்தன தூரம் பஸ்ல வாராங்க. அவங்களுக்குன்னு உட்ட எடம் மெலிஞ்சு கெடக்குதுன்னா நமக்கு மரியாதைங்களா?"

ரங்கநாயகியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அண்ணனுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

"விருந்தாளிக்குச் செஞ்சதச் சொல்லிக் காட்டறதுங்களா டீச்சர்?"

ரங்கநாயகி வருவதற்கு முந்தின நாள் பாவாயக்கா புழுக்கையெல்லாம் போக அந்த இடத்தைக் கூட்டியும் விடுவாராம். அது சுத்தமாக இருப்பதை ரங்கநாயகியும் கவனித்திருந்தார். அந்த வீட்டின் ஒழுங்கு என்று நினைத்திருந்தார்.

எனக்கு விஷயம் உடனே புரிந்தது. ஆனாலும் மூன்று வாரம் அவருக்குத் தெரிவிக்கவில்லை. கடுதாசியில் எழுதும் விஷயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதிய பிள்ளைகளை வாசலில் நிற்க வைத்தவள் நான்.

சித்திரையில் அவர் வந்தார். பையில் வரைபடம் இருந்தது. மூன்றாம் இடத்துக் கோட்டைச் சிவப்பு மையில் வரைந்திருந்தார். அண்ணன் வீட்டு வாசலில் கட்டிலில் அதை விரித்தபோது, பட்டி போட்டதைச் சொன்னேன். எனக்கு எப்போது தெரிந்தது என்பதையும் சொன்னேன். அவர் வரைபடத்தைச் சுருட்டிப் பையில் வைத்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு நோட்டைத் திறந்து, எத்தனை வருடம், வருடத்துக்கு எத்தனை ராத்திரி, எத்தனை ஆடு என்று அண்ணனிடம் வரிசையாகக் கேட்டு எழுதினார். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்களா அம்மணி?"

அதுவரை அவரை அம்மா என்றே அழைத்துவந்தவர், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும் சொல்லால் கூப்பிட்டார்.

"இல்லீங்கண்ணா. எரு ஓட்டுனீங்களான்னுதான் கேட்டேன். இங்க என்ன நடந்துச்சுன்னு ஒருக்காக்கூடக் கேக்கல. புடிச்ச பதிலு வந்துச்சு, அதோட உட்டுட்டேன்."

அவர் குரல் உயரவில்லை. என்னிடம் மட்டும், பஸ் நிறுத்தத்தில், "மூணு வாரம் நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேன் டீச்சர்" என்றார். அது உண்மை என்று நான் நினைக்கவில்லை.

கட்டுரையை அவர் அனுப்பவில்லை. குழுவின் முன் இரண்டு இடங்களை மட்டும் வைத்தார். மூன்றாவதை ஏன் எடுத்துவிட்டார் என்பதையும் சொன்னார். அந்த இரண்டும் கணினிக் கணக்கோடு ஒத்துப்போயின. கணக்கு தவறு என்று காட்டப் புறப்பட்டவர், அது ஏறக்குறைய சரி என்று தம் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. நம் மண்ணும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பது அதன் பொருள். திட்டம் நிறுத்தப்பட்டது. யாரைப் பற்றியும் அவர் குறைசொல்லி நான் கேட்டதில்லை. அண்ணனின் பெயரைக் குழுவிடம் சொல்லவில்லை என்பது அவருடைய உதவியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த சித்திரையில், விடுப்பு எடுத்துக்கொண்டு, அதே பஸ்ஸில் வந்து இறங்கினார். பட்டியை நிறுத்த வேண்டாம், ராத்திரிக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் போதும் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டார். அண்ணன் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கோடு போட ஆரம்பித்தார். பாவாயக்கா கூட்டுவதை நிறுத்தினார். ஆனால் விருந்தாளி வரும் இடம் குப்பையாகக் கிடக்கிறதே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. ஆட்டுப்பட்டி மண்ணுக்குத் தரும் கரியை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று ரங்கநாயகி முயன்றுகொண்டிருந்தார். முடிக்கவில்லை. முடித்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று ஊகித்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரு துணிப்பை மண். சீட்டில் "மூன்றாம் இடம்" என்று எழுதி, அதன் கீழே சின்ன எழுத்தில் "விருந்து" என்று சேர்த்திருக்கிறார். அவருடைய நோட்டில் பழைய மூன்று கேள்விகளுக்கு அடியில் அவர் கடைசியாகச் சேர்த்த நான்காவது கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறேன்: வேறு என்ன நடந்தது? மழைக் கார்டில் இப்போது நானும் அந்தக் கேள்விக்கு ஒரு வரி விட்டு வைக்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, வேலியோரத்துக் காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒன்றிலும், வெறுந்தரைக் கட்டி ஒன்றை மற்றதிலும் மெல்ல விடுங்கள். எது கரைகிறது, எது கரையாமல் நிற்கிறது என்று பாருங்கள்; கரி அதிகமுள்ள கட்டி சீக்கிரம் கரையாது. பார்த்ததை எழுதி வைக்குமுன், அந்த இரண்டு இடத்திலும் என்ன நடந்தது என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.