பார் கம்பியில் உட்கார்ந்தவன்

நான்தான் உட்கார்ந்தேன். என் மைத்துனன் சவரியின் கார்பன் சைக்கிளில், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் பார் கம்பியில் உட்கார்ந்தவன் நான்தான். யாரும் உட்காரவில்லை என்று சொன்னவனும் நான்தான்!

நீங்கள் சிரிக்கலாம். பார் கம்பியில் உட்காருவதெல்லாம் ஒரு குற்றமா? நம் பக்கம் அதில் உட்காராதவர் யார்? பெண்டாட்டியை வைத்து மிதித்திருக்கிறோம், மூட்டையைப் போட்டுத் தள்ளியிருக்கிறோம், டீக்கடை வாசலில் ஒரு காலை ஊன்றிச் சாய்ந்து ஊர்க்கதை பேசியிருக்கிறோம்... ஆனால் நான் விவரம் தெரியாதவன் அல்லன். இலுப்பூரில் வீடு, பாலிடெக்னிக்கில் வேலை. எந்தப் பொருள் எவ்வளவு சுமை தாங்கும், எங்கே உடையும் என்று பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவன்.

சவரி என் மனைவியின் தம்பி. ஆவூரில் பள்ளி ஆசிரியர். ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். பந்தய சைக்கிள் மாதிரி நல்ல ரோடு பைக் ஒன்று வாங்க அவனுக்கு நெடுநாள் ஆசை.

"என்ன ஃபிரேம் எடுக்கலாம் மச்சான்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டான்.

விடுவேனா? இரும்புதான் என்றேன். நம் சாலையின் குலுக்கலைத் தாங்கும், அடிபட்டால் வளைந்து காட்டும். அலுமினியம் கைக்கு விறைப்பு. கார்பன் இழை இலேசு, வேகம். ஆனால் உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது. பெயரைப் பார்க்காதே, இணைப்பைப் பார், செய்கிறவன் உன் உடம்பை அளக்கிறானா என்று பார் என்றெல்லாம் ஒரு மணி நேரம் அளந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் அண்ணன் தம்பி இருவர் நடத்தும் சின்னப் பட்டறைக்குப் போய், கை கால் அளவு கொடுத்து, கார்பன் ஃபிரேமுக்குச் சொல்லிவிட்டு வந்தான்!

வண்டி வந்தது. ஒவ்வோர் இணைப்பாகத் தடவிக் குறை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அருமையான வேலை... அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மச்சான், பார்ல மட்டும் உக்காந்துராதீங்க. கொழா மெல்லிசு, மேலருந்து எடை தாங்காதுன்னு செஞ்சவங்க ரெண்டு தடவ சொல்லி விட்டாங்க."

"சைக்கிள் வாங்கிருக்கியா, கோயில்ல வைக்கிற சுரூபம் வாங்கிருக்கியா மாப்ள?" என்றேன். வீடே சிரித்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் அவன் என்னை முந்திப்போனான். சாலை முக்கத்தில் நின்று, "மெதுவா வாங்க மச்சான், அவசரமில்ல" என்பான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு எரிந்தது.

ஒரு ஞாயிறு, புதுக்கோட்டை போகிற சாலையில் ஒரு டீக்கடையில் நின்றோம். "செத்த புடிங்க மச்சான், டீ சொல்லிட்டு வாரேன்" என்று வண்டியை என் கையில் கொடுத்துவிட்டு அங்கிட்டுப் போனான்.

பழக்கதோஷத்தில் உட்கார்ந்துவிட்டேன் என்று எத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன்! பொய். தெரிந்துதான் உட்கார்ந்தேன். அப்படி என்னதான் ஆகிவிடும், பார்த்துவிடுவோம் என்று என் முழு எடையையும் இறக்கினேன்.

டக்.

வேர்க்கடலைத் தோடு உடைகிற அளவுதான் சத்தம். பதறி எழுந்து தடவிப் பார்த்தேன். வண்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கார்பன் அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கு ஒரு மணி நேரம் விளக்கியவனே நான்தானே!

இரண்டு கிளாசோடு வந்தான். "என்ன மச்சான், மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில் மாப்ள."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...! கோபித்திருப்பான், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பான், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அவன் நல்லபடியாக வீடு திரும்பினான். ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் அவன் சக்கரம் இறங்கியது. பின்னால் வந்த என் கண்ணெதிரே பார் கம்பி முறிந்து வண்டி மடிந்தது. நான் உட்கார்ந்த அதே இடம்.

வலது தோள் நொறுங்கிப்போயிற்று. ஆபரேஷன் செய்தும் கை தோளுக்கு மேலே எழவில்லை. இன்றைக்கும் அவன் கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி அழுதாள். "ஒங்க பேச்சக் கேட்டிருந்தா என் தம்பிக்கு இந்தக் கதி வருமா?" நான் தலைகுனிந்தேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்கள்!

பட்டறைக்காரர்கள் உடைந்த ஃபிரேமை வாங்கிப் பார்த்தார்கள். மூத்தவர் போனில் பேசினார். "ஒடஞ்ச எடத்துல மேல இருந்து நசுங்கின தடம் இருக்குதுங்க. யாராச்சும் உக்காந்தாங்களா?"

சவரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வண்டியில யாரும் உக்கார மாட்டாங்க. எங்க மச்சான் எப்பவும் கூடவே இருந்தவரு, அவரையே கேளுங்க" என்று போனை என் பக்கம் நீட்டினான்.

கட்டுப்போட்ட தோளோடு அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்...

"யாரும் உக்காரலைங்க" என்றேன்.

"சரிங்க... அப்ப எங்க கைத்தப்புதானுங்க" என்றார் அந்த மனிதர். தன் கண்ணால் கண்ட தடத்தைவிட என் வாய்ச்சொல்லை நம்பினார்! அதற்குப் பிறகு அவர்கள் கார்பனைத் தொடுவதே இல்லை என்று கேள்வி. இந்த மாவட்டத்தில் சைக்கிள் வாங்குகிறவர்கள் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். "சார் அப்பவே சொன்னாரு" என்று எனக்கு அப்படி ஒரு பெயர்.

சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொன்னேன். என்ன பொய், யாருக்கு என்ன நேர்ந்தது... சொல்லவில்லை. சில ஜெபங்கள் சொல்லச் சொல்லிச் சாமியார் மன்னித்து அனுப்பினார். எதை மன்னித்தார்? அவருக்கே தெரியாததை அவர் எப்படி மன்னிக்க முடியும்?

சவரி இப்போது இரும்பு ஃபிரேம் வைத்திருக்கிறான். நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. மெதுவாகத்தான் மிதிப்பான், நான் அவன் பின்னாலேயே போவேன். அதே டீக்கடையில் நிற்போம். அவன் பார் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, எழும்பாத அந்தக் கையாலேயே கம்பியைத் தட்டிக் காட்டுவான்.

"இது இரும்பு மச்சான், தைரியமா உக்காருங்க. நீங்க பாத்து எடுத்ததுதான... ஏன் நிக்கிறீங்க?"

"கால் வலிக்கல மாப்ள" என்கிறேன். நின்றுகொண்டேதான் டீயைக் குடிக்கிறேன்.