பொறுமை மேடத்தின் தங்கை

நரம்பு நோய்ப் பிரிவில் ஆலோசகராக இருக்கும் ஒரு பெண்மணிக்கு நோயாளிகள் வைத்த பெயர் பொறுமை மேடம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தவர்களுக்கு, அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே சிதைந்தவர்களுக்கு, இனி எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. "இந்தச் சோர்வு சோம்பேறித்தனம் இல்லைங்க. வெளிய தெரியாத நோய், வேலை செய்ற இடத்துல நாமதான் சொல்லணும்" என்பார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கும். மேசையிலிருக்கும் டிஷ்யூ பெட்டியில் பாதி அவருக்கே செலவாகும்.

வீட்டில் அதே நோயோடு அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். "பட்டப்பகல்ல என்ன படுக்கை?" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த ஆலோசனை. கைத்தடி வாங்கட்டுமா என்று கேட்டதற்கு, "தடி ஊனிக்கிட்டு நின்னா எவன் உன்னக் கட்டிப்பான்?" என்று பதில் வந்தது. ஊருக்குத்தானே உபதேசம்.

தங்கைக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. சூடு ஏறினால் இந்த நோய்க்காரர்கள் பலருக்குப் பார்வை மங்கும், கால் பின்னும். அவள் தள்ளாடியதைப் பார்த்த முதலாளி, "இன்னொரு தடவ குடிச்சிட்டு வந்தா வேலை கிடையாது" என்று சொல்லிவிட்டார். நோயைச் சொல்லி, பில் போடும் மேசைக்கு மாற்றிக் கேட்கலாம் என்றாள் தங்கை. அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வாயத் தொறந்த, நான் மனுஷியா இருக்க மாட்டேன். ஆலோசனை சொல்றவ வீட்டுலயே நோயான்னு சிரிப்பாங்க." தங்கைக்குக் குடிகாரிப் பட்டம் கிடைத்தால் மட்டும் பரவாயில்லையாம்.

மறுநாள் தங்கை ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் வாங்கி, முறை வந்ததும் உள்ளே நுழைந்தாள். மேடத்துக்கு முகம் பேயறைந்தது போலானது. பக்கத்தில் ஒரு பயிற்சி டாக்டர் வேறு, கற்றுக்கொள்ள உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க" என்றார் மேடம், வேறு வழியில்லாமல்.

"வேலை போகப்போகுது மேடம். வீட்டுல, நோயைச் சொல்லக் கூடாதுங்கறாங்க."

"அவங்களுக்கும் பயமா இருக்கும்மா."

"இருக்கட்டும். அவங்க பயத்துக்கு நான் எதுக்குக் குடிகாரின்னு பேர் வாங்கணும்?"

பயிற்சி டாக்டருக்கு ஆர்வக்கோளாறு. "நீங்களே அந்த முதலாளிகிட்ட பேசலாமே மேடம். போன மாசம் ஒருத்தருக்காகப் போனீங்களே" என்று எடுத்துக்கொடுத்தார். மேடம் தலையாட்டி வைத்தார்.

அன்று மாலையே, தங்கை வேலையில் இருக்கும்போது, கடைக்குப் போனார். ஆஸ்பத்திரி ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். அக்கா என்று மூச்சுவிடவில்லை. நரம்பு, சூடு, தள்ளாட்டம் எல்லாவற்றையும் தேனொழுக விளக்கினார். முதலாளி அப்படியே உருகிப்போய், தங்கையிடம் மன்னிப்புக் கேட்டு, அப்போதே அவளைப் பில் மேசைக்கு மாற்றினார்.

"எவ்வளவு பக்குவமா சொல்றீங்க" என்றார் மேடத்திடம். "இந்தப் பொண்ணு வீட்டுல, இவளுக்காகப் பேச ஒரு ஆள் கூடவா இல்ல?"

மேடம் கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா ஒருத்தி இருக்கா சார். வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவ டியூட்டி முடிஞ்சுடுது."