தீமிதியில் நாடி பார்த்தவர்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். டாக்டர் மாசிலாமணி அவர்களைப் பற்றி எழுத, அவரோடு படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் இந்த நினைவு மலரில் நானும் எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் வல்லம் ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். அவரிடம் அடிக்கடி போய் நின்றவள் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

அவர் இறந்த செய்தியை அலுவலகத்துக்குத் தபால் பை கொண்டுவந்த கண்டக்டர்தான் சொன்னார். "உங்க செஞ்சி டாக்டர் தவறிட்டாராம்மா. சீட்டு எழுதினு இருந்தவரு அப்படியே மேசை மேல சாஞ்சிட்டாராம்." சரிங்க என்று சொல்லிவிட்டு, வந்த கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

அவரிடம் நாங்கள் முதலில் போனது சீனச் சண்டைக்கு அடுத்த வருஷம். என் அண்ணன் தனபால் அப்போது சென்னையில், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு கழகத்தில் மெக்கானிக்காக இருந்தார். அவருடைய கைத்திறமையைப் பார்த்து, விமானியாகவே பயிற்சி தர அவர்கள் முன்வந்தார்கள். உடல் தகுதிச் சான்று மட்டும் வேண்டும். சின்ன வயது நோய்களையெல்லாம் கேட்டிருந்ததால், படிவத்தை வீட்டாரிடம் விசாரித்து நிரப்பும்படி அண்ணன் எனக்கு அனுப்பிவைத்தார்.

எப்போதாவது நினைவிழந்து விழுந்ததுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. எங்கள் அப்பாவை, நைனாவை, கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எழுதும்மா. தீமிதியில ஆத்தா எறங்கி குண்டத்தாண்ட விழுந்தானே, அரை நாழி எழுந்திருக்கலியே. அது நல்ல விஷயம்தானே?" எனக்கும் அது பெருமையாகத்தான் பட்டது. 'ஆம்' என்று எழுதி, அழகான ஆங்கிலத்தில் இரண்டு வரியும் சேர்த்தேன்.

வலிப்பு நோய் இருக்கலாம், விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று சென்னை மருத்துவக் குழு எழுதிவிட்டது. தக்க மருத்துவ ஆதாரத்தோடு ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம். அடுத்த வருஷப் பயிற்சி தொடங்கும் வரைதான் இடத்தை வைத்திருப்பார்கள். அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கடிதம் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

கடைத்தெருவில் யாரோ நைனாவுக்கு வழி சொல்லிக் கொடுத்தார்கள். பையன் விழவே இல்லை, தங்கச்சி தெரியாமல் எழுதிவிட்டாள் என்று எந்த டாக்டராவது ஒரு வரி எழுதினால் போதுமாம். அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் செஞ்சி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிற்பகல் ஆகியிருந்தது. வெளியே இன்னும் கூட்டம். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நைனா சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு சொன்னார்:

"பொய் எழுதித் தரமாட்டேன் பெரியவரே. உண்மையை முழுசா எழுதித் தரேன். அதுக்கு நாளாகும்."

நாளானது. அண்ணனை லீவு கிடைத்தபோதெல்லாம் வரவழைத்துப் பரிசோதித்தார். மூளை அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனைக்குச் சென்னைக்கு எழுதினார். முதல் தடவை இயந்திரம் பழுது, இரண்டாம் தடவை அதை இயக்குபவர் விடுப்பு. மூன்றாம் தடவை எடுத்தார்கள். குறை எதுவும் இல்லை. ஆனால் அது மட்டும் போதாது, விழுந்ததற்குக் காரணம் வேண்டும் என்று குழுவிடமிருந்து பதில் வந்தது. அந்தக் கடிதத்தை டாக்டர் இரண்டு முறை படித்தார். "கேக்கறது நியாயந்தான். நானே பாத்ததில்லையே" என்றார்.

அந்த வருஷத் தீமிதிக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார். ஊரே சிரித்தது. பூசாரி நேராகவே கேட்டார்: "இன்னா டாக்டரே, ஆத்தாவுக்கே பிரஷர் பாக்க வந்துட்டீங்களா?"

"ஆத்தாவுக்கு எதுக்குப்பா? அவ வந்துட்டுப் போன ஆளுக்குத்தான்."

விழுந்தவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் அந்தச் சூட்டில் மண்டி போட்டு உட்கார்ந்தார். நாடி, கண், நாக்கைக் கடித்திருக்கிறார்களா, எத்தனை நாள் விரதம், கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஓர் அம்மாள் மயக்கம் தெளிந்ததும் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "பிரஷர் நல்லா இருக்குது, எழுதிக்க" என்றார்.

அவருடைய கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் கடிதத்தை நான்தான் படியெடுத்தேன். இது நோயல்ல, பத்து நாள் ஒருவேளை உணவு, அனல், பம்பைச் சத்தம், பக்தி, நான் நேரில் இருந்து பார்த்தேன், அதற்குப் பொறுப்பேற்கிறேன் என்று எழுதியிருந்தார். குழு அண்ணனை அழைத்த நாளில் டாக்டரும் விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு பஸ் ஏறினார். பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. திண்டிவனம் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி. மாலை வரை ஒரு பெஞ்சில் காத்திருந்தார். கடைசியில் உள்ளே கூப்பிட்டு அவரிடம் கேட்டது ஐந்து நிமிஷம்தான்.

சான்று கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது, இந்தத் தீமிதி மயக்கத்தை நேரில் பார்த்து அறிந்த டாக்டர் ஒருவர் பரிசோதித்துப் பொறுப்பேற்று எழுத வேண்டும். டாக்டர் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. அண்ணன் இன்று பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிறார். ஒருநாள் கூட்டிப்போய்ப் பறக்கவைக்கிறேன் என்று அவர் சொன்னபோது டாக்டர் பயந்துபோனார். "பஸ்ஸையே தாங்க மாட்டேன்பா. ஆளை வுடு."

அவரைக் கடைசியாக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தபோது பார்த்தேன். செய்தி தெரியாத ஊர்களிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் வழக்கம்போல வரிசையில் நின்று, முறை வந்ததும் கும்பிட்டுவிட்டு, சீட்டு வாங்காமல் திரும்பிப் போனார்கள். போய்வாருங்கள் டாக்டர் ஐயா. அந்த வரிசையில் நானும் நின்றேன்.

இதை எழுதத் தொடங்கியதிலிருந்து ஒன்றைக் கேட்கத் தயங்கிக்கொண்டே வந்திருக்கிறேன். அண்ணனுடைய சான்று ஆடி மாதத்தோடு முடிகிறது. புதிதாக வந்திருக்கும் டாக்டர் நல்லவர். கண்ணால் பார்க்காததற்கு எப்படிப் பொறுப்பேற்பது என்கிறார்; தனி ஆளாக இருப்பதால் ஆஸ்பத்திரியை விட்டுத் தீமிதிக்கு வரவும் முடியாதாம். அது சரிதான். இந்த மலரைப் படிக்கும் டாக்டர்கள் பலர் அவரோடு படித்தவர்கள். உங்களிடம் நான் கையெழுத்துக் கேட்கவில்லை. வைகாசியில் எங்கள் ஊரில் தீமிதி. உங்களில் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.